களையெடுப்பும் கட்டியும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் வாய்ப்புற்று பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன: சளியையும் காய்ச்சலையும் விரட்டிவிடுகிற உடம்பு, கட்டியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது? இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கிருமி வெளியிலிருந்து வருவது, அதை உடம்பு அடையாளம் காண்பது புரிகிறது. புற்றுக்கட்டியோ நம் சதையிலேயே முளைப்பது. அது கெட்டது என்று வெள்ளணுக்களுக்கு யார் சொல்கிறார்கள்?
— ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஐயா, உங்கள் பகுதியில் நேரடி விதைப்பு அதிகம் என்பதால், நெற்பயிருக்குள் குதிரைவாலிப் புல் கலந்து முளைப்பதை நீங்கள் ஒவ்வொரு சம்பாவிலும் பார்த்திருப்பீர்கள். இளம்பருவத்தில் இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வயலில் இறங்கிக் களையெடுக்கும் பெண்கள், சந்தேகம் வந்தால், இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் விரித்துப் பார்ப்பார்கள். நெல்லாக இருந்தால் அங்கே வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று சிறு நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும். புல்லில் அது இராது. கடுகளவு இடத்தில் இருக்கும் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பிடுங்குவதா விடுவதா என்று முடிவாகிறது. நம் உடம்பிலும் ஏறக்குறைய இதே முறையில்தான் சோதனை நடக்கிறது.

நம் உடம்பின் செல்களில், சிவப்பணுக்களைப் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவையெல்லாம், தமக்குள் தயாராகும் புரதங்களில் ஒரு பகுதியை ஓயாமல் துண்டுகளாக வெட்டி, புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்கள் 8 முதல் 10 வரை கோத்த நீளமுள்ள துணுக்குகளை எச்.எல்.ஏ. என்னும் ஏந்து புரதத்தில் பொருத்தித் தம் மேற்பரப்பில் நிறுத்திக் காட்டுகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வெளியே வைக்கப்படும் மாதிரி அது. ரத்தத்திலும் திசுக்களிலும் சுற்றிவரும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் இந்தத் துணுக்குகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகின்றன. டி செல் வெறும் துணுக்கை மட்டும் பார்ப்பதில்லை, ஏந்து புரதத்தோடு சேர்த்தே பார்க்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1970களில் கண்டுபிடித்த ரோல்ஃப் சிங்கர்னாகல், பீட்டர் டோஹெர்ட்டி இருவருக்கும் 1996ல் நோபல் பரிசு கிடைத்தது.

எது சொந்தம், எது சொந்தமில்லை என்று இந்த டி செல்கள் கற்றுக்கொள்ளும் இடம் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. அங்கே உருவாகும் இளம் டி செல்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறி வெளியே வருவதில்லை. உடம்பின் சொந்தத் துணுக்குகளை வலுவாகப் பற்றிக்கொள்கிறவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எஞ்சியவை, தாம் இதுவரை காணாத துணுக்கைத் தேடி வெளியே அனுப்பப்படுகின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புற்று என்பது மரபணுவில் ஏற்படும் பிழைகளால் உண்டாவது. பிழையான மரபணுவிலிருந்து பிழையான புரதம் வரும். அதை வெட்டினால், ஒரேயொரு அமினோ அமிலம் மாறிய, அதுவரை உடம்பு காணாத ஒரு துணுக்கு மேற்பரப்புக்கு வரக்கூடும். ஆகவே வெள்ளணுவுக்கு யாரும் சொல்வதில்லை. கெட்டுப்போன செல்லே தன் கேட்டை வெளியே காட்டுகிறது. மனிதக் கட்டி ஒன்றில் டி செல் அடையாளம் காணும் குறி ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் பெல்ஜியத்தின் தியெரி பூன், ஆண்டு 1991.

ஆனால் டி செல் எடுத்த எடுப்பில் தாக்குவதில்லை. கட்டியின் ஓரத்தில் செத்து உதிரும் செல்களின் துணுக்குகளை, கிளைகிளையாகக் கரம் நீட்டியிருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் வாரிக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க்கணுவுக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்தக் கணுவைத்தான் சொல்கிறேன். அங்கே துணுக்கைக் காட்டி, கூடவே ஆபத்து என்னும் இரண்டாவது சைகையையும் கொடுத்த பிறகுதான் டி செல் பெருகிப் புறப்படுகிறது. இலக்கை அடைந்ததும் அதை ஒட்டிக்கொண்டு, பெர்ஃபாரின் என்னும் புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியை உள்ளே செலுத்துகிறது. அந்த நொதி செல்லைத் தானே மடியவைக்கும். டி செல் அங்கிருந்து அடுத்த செல்லுக்கு நகர்ந்துவிடும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. முப்பது வருடமாக வெற்றிலை, சீவல், புகையிலை பழக்கம். இப்போது இடது கன்னத்தில் புற்று என்று பயாப்சியில் வந்திருக்கிறது. "அவளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை, சரியாகச் சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள்" என்று உறவினர்கள் அம்மாவின் காதுபடவே சொல்கிறார்கள். அது உண்மையா டாக்டர்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மையில்லை அம்மா. அதை உங்கள் தாயாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் நோய்க்குறியியல் படித்தவன். பயாப்சித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதே என் வேலை. கன்னப்புற்றின் துண்டைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், இளஞ்சிவப்பான புற்றுச் செல்கள் தீவுத்தீவாகத் தெரியும். சில தீவுகளின் நடுவில், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையம் வளையமாக, நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம் படிந்திருக்கும். அந்தத் தீவுகளைச் சுற்றிக் கசகசாவைத் தூவியதுபோலக் கருநீலப் புள்ளிகள் நெருங்கி நிற்கும். அவைதாம் வெள்ளணுக்கள். எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்பில் அவை அங்கே வந்து நின்றிருக்காது. பல தகடுகளில் அவை தீவின் கரைவரை வந்து உள்ளே நுழைய முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் உள்ளேயும் புகுந்திருக்கும். பெருங்குடல் புற்றில், கட்டிக்குள் டி செல்கள் எவ்வளவு அடர்த்தியாகப் புகுந்திருக்கின்றனவோ அந்த அளவுக்கு நோயாளியின் எதிர்காலம் நன்றாக இருக்கிறது என்று பிரான்சின் ஜெரோம் கலோன் குழுவினர் 2006ல் காட்டினார்கள்.

அப்படியானால் கட்டி எப்படி வளர்ந்தது? இதற்கு முந்தைய பதிலில் சொன்ன களைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கையால் களையெடுக்கும் வயலில், நெல்லைப்போல இல்லாத புல்லெல்லாம் பிடுங்கப்பட்டுவிடும். நெல்லை ஒத்திருந்த புல் தப்பி விதை போடும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால், களையெடுப்பே நெல்லைப்போல நிமிர்ந்து நிற்கும் ஒரு புல்லை உண்டாக்கிவிடும். சீன வயல்களில் உண்மையாகவே அப்படித்தான் நடந்திருக்கிறது. கட்டியிலும் இதுவே நிகழ்கிறது. அமெரிக்காவின் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர் 2001ல் வெளியிட்ட எலி ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எதிர்ப்பு மண்டலம் இல்லாத எலியில் வளர்ந்த கட்டிகளை எடுத்து நல்ல எலியில் வைத்தபோது அவற்றில் பல அடையாளம் காணப்பட்டு அழிந்தன. நல்ல எலியிலேயே வளர்ந்த கட்டிகளோ மற்றொரு நல்ல எலிக்கு மாற்றப்பட்டபோதும் தடையின்றி வளர்ந்தன. அவை ஏற்கெனவே களையெடுப்புக்குத் தப்பியவை.

முதலில் அழிப்பு, பிறகு நெடுங்காலச் சமநிலை, கடைசியில் தப்பித்தல் என்று இதை மூன்று கட்டமாகச் சொல்வார்கள். சமநிலை எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு 2003ல் ஸ்காட்லாந்திலிருந்து வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பைச் சொல்லலாம். தோலில் வரும் மெலனோமா என்னும் புற்றை அறுவையால் நீக்கி 16 ஆண்டுகள் நலமாக இருந்த ஒருவர் வேறு காரணத்தால் இறந்தபோது, அவருடைய சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. எதிர்ப்பை அடக்கும் மாத்திரை உட்கொண்டிருந்த அந்த இருவருக்கும் அதே மெலனோமா தோன்றியது. கொடுத்தவரின் உடம்பு, மிஞ்சிய செல்களை அத்தனை ஆண்டுகள் அடக்கிவைத்திருந்தது என்பதுதான் இதற்குப் பொருள்.

தப்பிக்கும் வழிகளும் பல. புற்றுச் செல் எச்.எல்.ஏ. ஏந்தியையே இழந்துவிடும், அப்போது டி செல்லுக்குக் காட்டத் துணுக்கு இராது. ஏந்தி இல்லாத செல்லைக் கண்டால் அதையே குற்றமாகக் கொண்டு கொல்லும் என்.கே. செல் என்றொரு காவல் நமக்குண்டு. ஆயினும் கட்டி அதையும் தளர்த்தும் பொருள்களைச் சுரக்கும். மற்ற டி செல்களின் தாக்குதலை அடக்கும் ஒழுங்குபடுத்தி டி செல்களைத் தன்னைச் சுற்றி வரவழைத்துக்கொள்ளும். நெருங்கி வரும் டி செல்லின் பிரேக்கைத் தானே அழுத்தும். இவையெல்லாம் ஒருவர் இரண்டு வேளை சாப்பிட்டாரா, மூன்று வேளை சாப்பிட்டாரா என்பதால் நிகழ்வன அல்ல.

உங்கள் தாயாரின் கன்னத்தில் மரபணுப் பிழைகளை உண்டாக்கியவை புகையிலையும் சீவலும். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிவித்துவிட்டது. கும்பகோணத்தில் கல்யாணத் தாம்பாளத்திலிருந்து கடைவீதி வரை சீவல் இல்லாத இடமில்லை. அதனால் ஆபத்தும் யார் கண்ணுக்கும் ஆபத்தாகத் தெரிவதில்லை. குறை சொல்லும் நேரத்தில் அந்த உறவினர்கள் தங்கள் வாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, வாய் திறப்பது குறைந்துவருவதோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். தாயாருக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 2018ல் புற்றுநோய்க்கான எதிர்ப்பு மருந்துக்காக நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று பாடத்தில் படித்தேன். அந்த மருந்து கட்டியை எப்படிக் கொல்கிறது? நம் ஊரில் கிடைக்குமா?
— ஒரு கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

பதில்: தம்பி, அந்த மருந்து கட்டியைக் கொல்வதே இல்லை, அது கட்டியைத் தொடக்கூடத் தேவையில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

டி செல் ஒருமுறை பெருகத் தொடங்கினால் எங்கே நிற்பது என்று ஒரு கட்டுப்பாடு வேண்டும்; இல்லாவிட்டால் அது சொந்த உடம்பையே தின்றுவிடும். அதற்காக அதன் மேற்பரப்பில் பிரேக்குகள் இருக்கின்றன. சி.டி.எல்.ஏ.-4 என்பது ஒன்று. ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோ குழுவினர் 1992ல் கண்ட பி.டி.-1 மற்றொன்று. பி.டி.-1ஐ அழுத்தும் பி.டி.எல்.-1 என்னும் புரதத்தைப் பல கட்டிகள் தம் மேல் ஏராளமாகப் பூசிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன், சி.டி.எல்.ஏ.-4ஐ எதிர்ப்பொருள் என்னும், குறிப்பிட்ட இலக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தால் மறைத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996ல் காட்டினார். மனிதர்களுக்கு அந்த வழியில் வந்த முதல் மருந்து 2011ல் மெலனோமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பி.டி.-1ஐத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் 2014ல் அங்கே அனுமதி பெற்றன. பரிசு ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2025ல் மருத்துவ நோபல் பெற்ற மூவரின் ஆய்வு எதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு பிரேக்கைப் பற்றியது; அவர்களில் ஷிமோன் சகாகுச்சி, தாக்குதலை அடக்கும் ஒழுங்குபடுத்தி டி செல்களை 1995ல் அடையாளம் காட்டியவர்.

மரபணுப் பிழைகள் மிகுந்த கட்டிகளில், அதாவது மெலனோமா, புகைபிடித்து வந்த நுரையீரல் புற்று போன்றவற்றில், இம்மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. காட்டப்படும் மாறிய துணுக்குகள் அங்கே அதிகம். ஆனாலும் பெரும்பாலான புற்று வகைகளில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களுக்கே பலன் கிடைக்கிறது. பிரேக்கை எடுத்த டி செல் தைராய்டையோ குடலையோ நுரையீரலையோ தாக்குவதும் உண்டு; அதனால் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு நிற்காத வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

கிடைக்குமா என்றால், நம் நாட்டில் கிடைக்கிறது, விலைதான் தடை. அந்தத் தடையை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் அணுகிய விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்று உள்ள 151 பேரிடம் அவர்கள் நடத்திய சோதனையில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாபை, வாய்வழி கீமோ மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள், கீமோ மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காடு, இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காடு. முடிவு 2023ல் வெளியானது. வெற்றிலைப் புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு அண்மையில் வந்ததாக நான் கருதவில்லை.

நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, மரபணு மாற்றி, புற்றை நேரடியாக அடையாளம் காணும் கருவியைப் பொருத்தித் திரும்ப ஏற்றும் கார்-டி என்னும் முறையும் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் இந்தியச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது சிலவகை ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் மட்டுமே, கன்னப்புற்றுக்கு அல்ல.

கேள்வி: கடும் காய்ச்சல் வந்து போன பிறகு ஒருவருக்குக் கட்டி கரைந்துவிட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அரிதாக நடந்திருக்கிறது; பெரியவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, தோலில் பரவும் அக்கி போன்ற கிருமித்தொற்று வந்து தணிந்த ஒருவருக்குக் கழுத்துக் கட்டி மறைந்ததைப் பழைய பதிவேட்டில் படித்து, 1891ல் அந்தக் கிருமியையே நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் தொற்றிலேயே இறந்தார்கள். கிருமி எழுப்பிய அலாரத்தில் டென்ட்ரிடிக் செல்கள் விழித்துக்கொண்டன என்று இன்று விளக்கலாம்.

அந்த எண்ணத்தின் பாதுகாப்பான வாரிசு இன்றும் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலாக இருக்கும் புற்று திரும்ப வருவது குறைகிறது என்று கனடாவின் ஆல்வரோ மொராலெஸ் 1976ல் காட்டினார். அந்தப் புற்றுக்கு இப்போதும் அதுவே முதன்மையான சிகிச்சை. ஆனால் சாதாரணக் காய்ச்சலை மருந்தில்லாமல் வளரவிட்டால் கட்டி கரையும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: கணவருக்குத் தொண்டைப் புற்று, கரண்ட் வைக்கிறார்கள். அவர் சாப்பிட்ட தட்டைத் தனியாக வைக்கச் சொல்கிறார் மாமியார். ஒட்டிக்கொள்ளுமா?
— ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: ஒட்டாது அம்மா. கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு, வெளியிலிருந்து கொடுக்கப்படும்போது உடம்பில் தங்காது. அதனாலும் அருகில் இருப்பவருக்குத் தீங்கில்லை. அவருடைய புற்றுச் செல் ஒன்று உங்கள் உடம்புக்குள்ளேயே வந்துவிட்டாலும், அதன் எச்.எல்.ஏ. ஏந்தி உங்களுடையது அல்ல. உங்கள் டி செல்கள் அதை அந்நியமாகக் கண்டு அழித்துவிடும். செல்லாகவே தொற்றும் புற்று, தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் ஒரு கட்டி, டாஸ்மேனியன் டெவில் என்னும் விலங்கின் முகக்கட்டி போன்ற மிகச் சில உயிரினங்களில்தான் உண்டு. அவருடைய தட்டை வீட்டிலுள்ள மற்றத் தட்டுகளோடே வையுங்கள். அவரை அருகில் உட்காரவைத்து, காரமில்லாமல் குழையப் பிசைந்த சாதம் கொடுங்கள்; விழுங்குவதே அவருக்கு இப்போது வேதனையாக இருக்கும்.

கேள்வி: என் தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி நான்கு வருடம் ஆகிறது. எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிட்டால் புற்று வரும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்துவிடும். அது நிச்சயமான ஆபத்து. காவல் தளர்வதால், குறிப்பாகத் தோல் புற்றும், வைரஸோடு தொடர்புள்ள நிணநீர்ப் புற்றும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் வருவது உண்மைதான். அதற்குச் செய்ய வேண்டியது கவனிப்பு. தம்பி புகையிலையைத் தொடக்கூடாது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வலியில்லாத நெறி கட்டினாலும், தோலில் ஆறாத புண் வந்தாலும், சிறுநீரக மருத்துவரிடம் அதே வாரம் காட்ட வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைப்பதும் வகையை மாற்றுவதும் அவர் ஒருவரின் பொறுப்பு.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி என்று ஒன்று வாங்கினேன், டப்பா 1,800 ரூபாய். புற்றைத் தடுக்கும் என்று போட்டிருக்கிறது.
— ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: தடுக்காது. எதிர்ப்பு என்பது நெல் மூட்டையைப்போல ஏற்றி இறக்கும் ஒரே சுமை அல்ல. ஒவ்வொரு டி செல்லும் தனக்கென்று ஒரு துணுக்கைத் தேடுவது, அதைக் காட்டாத கட்டியை எந்தப் பொடியும் காட்டவைக்காது. சிகிச்சையில் இருப்பவர்கள் இத்தகைய பொடிகளை மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடுவது இன்னும் மோசம், ஏனெனில் கீமோ மருந்தைச் சமாளிக்க வேண்டிய கல்லீரலுக்கு அவற்றில் சில கேடு செய்கின்றன. அந்த 1,800 ரூபாயில் வீட்டில் எல்லோருக்கும் முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்குத் தடுப்பூசி போடலாம் என்கிறார்கள். இத்தனை சின்ன வயதில் எதற்கு?
— ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: போடுங்கள் அம்மா, சரியான வயது இதுதான். இந்தப் புற்று எச்.பி.வி. என்னும் வைரஸால் வருவது; அதைக் கண்டறிந்த ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் பரிசு தந்தார்கள். இங்கே பகை வெளியிலிருந்து வருவதால், அது செல்லுக்குள் நுழையும் முன்பே எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்க முடியும்; நுழைந்த பிறகு போட்டால் அந்த நுழைவைத் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் திருமண வயதுக்கு வெகு முன்பே போடச் சொல்கிறோம். இந்தப் புற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 என்னும் இரு வகைகளையும், இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் தடுப்பூசி தடுக்கிறது. 9 முதல் 14 வயதுவரை இரண்டு தவணை. இரண்டாவதை ஆறு மாதம் கழித்துப் போட வேண்டும். மகளை அழைத்துப் போகும் அன்றைக்கு, நீங்கள் முப்பது வயதைக் கடந்தவர் என்றால், உங்களுக்கும் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குச் சில நிமிடமே ஆகும்.